தோட்டப்புறப் பள்ளிகளில் கிட்டப்பார்வையைக் கண்டறிதல்: குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

பினாங்குத் தீவிலிருந்து இரண்டாம் பாலத்தைக் கடந்து பத்து காவானில் இறங்கி, நிபோங் தெபால் பக்கம் வண்டியைத் திருப்பினால் சிறிது நேரத்தில் செம்பனைத் தோட்டங்கள் வந்துவிடும். தூரம் அவ்வளவுதான். ஆனால் தீவில் வளரும் பிள்ளைக்குக் கண் மங்கினால் அம்மா அந்த வாரமே கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போய்விடுகிறார்; தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) வளரும் பிள்ளையோ இரண்டு மூன்று ஆண்டுகள் கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவனின் நோட்டைப் பார்த்தே எழுதிக்கொண்டிருக்கிறது. செபராங் பிறை தெற்கு வட்டாரத்தில் எங்கள் குழு சந்திப்பது இத்தகைய பிள்ளைகளைத்தான்.

இந்தக் குழுவில் ஆப்டோமெட்ரிஸ்டும் (பவரை அளந்து கண்ணாடிக்கு எழுதித் தருபவர்), கண் மருத்துவரும், தாதியும், ஆசிரியரும், கணக்கு எழுதுபவரும், வண்டி ஓட்டுபவரும் இருக்கிறார்கள். புதிதாக வருபவர் இவற்றில் எந்த வேலைக்கு வந்தாலும் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொடக்கக் காலத்தில் நாங்கள் தவறவிட்ட பிள்ளைகளில் பெரும்பாலோரை யாரும் தவறாகப் பரிசோதிக்கவில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் இடத்தில்தான் அவர்கள் விடுபட்டுப் போனார்கள். ஆகவே இந்த வழிகாட்டி, பரிசோதனை செய்யும் முறையைச் சொல்லும் அளவுக்கு, பிள்ளையை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் முறையையும் சொல்கிறது.

எதைத் தேடுகிறோம்

கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பது தெளிவாகவும் தூரத்தில் இருப்பது மங்கலாகவும் தெரியும். பெரும்பாலும் கண்விழி முன்பின்னாக வேண்டிய அளவைவிட நீண்டு வளர்ந்துவிடுவதே இதற்குக் காரணம். ஒளி விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. குவியத் தசை, அதாவது பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணைக் குவிக்கும் தசை, தளர்ந்த நிலையில் மைனஸ் 0.50 அல்லது அதற்கு மேல் பவர் இருந்தால் அதைக் கிட்டப்பார்வை என்றும், மைனஸ் 6.00-ஐத் தொட்டுவிட்டால் உயர் கிட்டப்பார்வை என்றும் கணக்கிடுகிறார்கள். இந்த உயர்நிலையில், பின்னாளில் விழித்திரை விலகல், விழித்திரை மையச் சிதைவு, கண் அழுத்த நோய் ஆகியவை வரும் வாய்ப்பு கூடுகிறது. சிறு வயதிலேயே தொடங்கும் கிட்டப்பார்வைக்கு வளர நிறைய ஆண்டுகள் இருப்பதால், ஏழு எட்டு வயதுப் பிள்ளைகள் மீதே எங்கள் கவனம் அதிகம்.

கோலாலம்பூருக்கு அருகிலுள்ள கோம்பாக் மாவட்டத்தில் 7 முதல் 15 வயது வரையிலான 4,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பரிசோதித்து 2005-இல் வெளியிட்ட ஆய்வைப் புதியவர்கள் அறிந்திருப்பது நல்லது. ஏழு வயதில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு இருந்த கிட்டப்பார்வை, பதினைந்து வயதில் மூன்றில் ஒரு பங்கினருக்கு இருந்தது. பார்வை குறைந்திருந்த கண்களில் 87 விழுக்காட்டுக்குக் காரணம் ஒளிவிலகல் குறைபாடு, அதாவது கண்ணாடி போட்டால் சரியாகக்கூடியது. கண்ணாடி தேவைப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் அது இல்லை. கோம்பாக் நகர்ப்புறம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, தோட்டப்புறத்தின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பிள்ளை தானாக வந்து “எனக்குத் தெரியவில்லை” என்று சொல்லும் என எதிர்பார்க்காதீர்கள். உலகம் எல்லாருக்கும் இப்படித்தான் தெரிகிறது என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆசிரியர் கண்ணுக்கு அது கவனக்குறைவாகவும், பெற்றோர் கண்ணுக்குச் சோம்பேறித்தனமாகவும் படுகிறது.

போவதற்கு முன்

பள்ளிக்குள் நுழைவதற்குக் கல்வி இலாகாவின் அனுமதியும் தலைமையாசிரியரின் ஒப்புதலும் எழுத்தில் இருக்க வேண்டும். சுகாதார அமைச்சின் பள்ளிச் சுகாதாரக் குழு அண்மையில் அந்தப் பள்ளிக்கு வந்து பார்வையைச் சோதித்திருந்தால், அந்தப் பட்டியலை முதலில் கேட்டுப் பெறுங்கள். நாம் போவது அவர்கள் வேலையை மறுபடி செய்வதற்காக அன்று. அவர்கள் கண்டுபிடித்துச் சொல்லியும் கண்ணாடி வந்து சேராத பிள்ளைகள் யார் என்று பார்ப்பதே நமக்கு முதல் வேலை. தேர்வு வாரத்தையும் விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி நாள்களையும் தவிர்த்துவிடுங்கள்.

பெற்றோர் ஒப்புதல் படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலாம் ஆண்டு நாங்கள் மலாய் மொழியில் மட்டும், ஒரு முழுப் பக்கத்துக்குப் படிவம் அச்சிட்டு அனுப்பினோம். பாதிக்கும் குறைவாகவே திரும்பி வந்தது. அப்பா செம்பனைக் குலை வெட்டப் போய்விட, அம்மா தொழிற்சாலை வேலைக்குப் பேருந்து ஏறிவிட, படிவம் வந்து சேர்ந்தது பாட்டியின் கையில். பாட்டிக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். இப்போது படிவம் இரு மொழியில் அரைப் பக்கம்தான். குவியத் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விடுவதற்கான ஒப்புதலைத் தனிக் கட்டமாக வைத்திருக்கிறோம். வகுப்பாசிரியர் அதையே பெற்றோரின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் குரல் பதிவாகவும் அனுப்பிவிடுகிறார். தோட்டத்துக் கிராணியிடமும் (எழுத்தரிடமும்) தேதியைச் சொல்லி வையுங்கள். யார் வீட்டில் யார் பகலில் இருப்பார் என்பது அவருக்குத் தெரிந்த அளவு பள்ளிக்கும் தெரியாது.

யார் எதைச் செய்யலாம்

பார்வை அட்டையை வைத்து எழுத்து வாசிக்கச் சொல்லும் முதற்கட்டச் சோதனையைப் பயிற்சி பெற்ற எவரும் செய்யலாம். பவரைக் கணக்கிட்டுக் கண்ணாடிக்கு எழுதித் தருவது அப்படியன்று. 1991ஆம் ஆண்டின் ஒளியியல் சட்டம் அதைப் பதிவு பெற்றவர்களின் பொறுப்பாக வைத்திருக்கிறது. நீங்கள் கணினி வல்லுநராக இருந்தாலும், பவர் அளக்கும் கைக்கருவி திரையில் ஓர் எண்ணைக் காட்டினாலும், அதைப் பெற்றோரிடம் பவர் என்று சொல்லிவிடாதீர்கள். சொட்டு மருந்து கண் மருத்துவரின் பொறுப்பு. இவ்வளவு தெரிந்தால் போதும். மற்ற வேலைகளை அன்றன்று பகிர்ந்துகொள்ளலாம்.

அறையும் அட்டையும்

இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். அட்டை 6 மீட்டருக்கானதா 3 மீட்டருக்கானதா என்று முதலில் அதன் அடியில் பாருங்கள். பின் அளவுநாடாவால் அளந்து, பிள்ளை நிற்க வேண்டிய இடத்தில் தரையில் நிற நாடா ஒட்டுங்கள். காலடியால் அளப்பதும், “இந்தத் தூண்தான் ஆறு மீட்டர், போன தடவையும் இதுதான்” என்று சொல்வதும் கூடாது. 6 மீட்டர் அட்டையை 5 மீட்டரில் வைத்தால் எழுத்துகள் கண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். ஏறக்குறைய ஒரு வரி அளவுக்குப் பிள்ளையின் பார்வை நன்றாக இருப்பதாகத் தாளில் பதிவாகிவிடும். கண்ணாடி தேவைப்படும் பிள்ளை அந்த ஒரு வரியில் தப்பிப் போய்விடும்.

அட்டையின் எழுத்தையும் அடிக்கோலால் அளந்து பாருங்கள். 6/12 என்றால், நல்ல பார்வை உள்ளவர் 12 மீட்டரில் வாசிக்கும் எழுத்தைப் பிள்ளை 6 மீட்டரில்தான் வாசிக்கிறது என்று பொருள்; இரண்டாவது எண் பெரிதாகப் பெரிதாகப் பார்வை மோசம். 6 மீட்டர் அட்டையில் 6/6 வரியின் எழுத்து உயரம் 8.7 மில்லிமீட்டர், 6/12 வரியில் 17.5 மில்லிமீட்டர், உச்சியில் உள்ள 6/60 எழுத்து 87 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 3 மீட்டர் அட்டையில் இவை சரிபாதி. யாரோ நல்ல மனத்தோடு அட்டையை நகலெடுத்துக் கொடுத்திருப்பார்கள். அச்சுப்பொறி அதைத் தாளுக்குப் பொருந்துமாறு சுருக்கியிருக்கும். எங்களிடம் இருந்த ஓர் அட்டையில் 6/12 எழுத்து 16 மில்லிமீட்டர்கூட இல்லை. அதைக் கொண்டு எத்தனை பிள்ளைகளைப் பார்த்தோம் என்பதை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

அட்டை பிள்ளையின் கண் மட்டத்தில் இருக்கட்டும். சன்னலை ஒட்டி, வெளிச்சம் அட்டைக்குப் பின்னாலிருந்து வரும்படி மாட்டினால் பிள்ளைக்குக் கண் கூசும். வெளிச்சம் அட்டையின் மீது சீராக விழ வேண்டும்; தோட்டப்பள்ளி மண்டபத்தில் குழல்விளக்கு ஒன்று எரியாமல் இருப்பது வழக்கம்தான் என்பதால் ஒரு மேசை விளக்கை வண்டியில் எப்போதும் வைத்திருக்கிறோம். மிக முக்கியமாக, வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு அட்டை தெரியக் கூடாது. ஒருமுறை இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் கடைசி வரி வரை தடுமாறாமல் சொன்னான். சந்தேகப்பட்டு அட்டையைத் தலைகீழாகத் திருப்பி மாட்டியதும் முதல் வரியிலேயே நின்றுவிட்டான். வரிசையில் காத்திருந்த பத்து நிமிடத்தில் அத்தனையையும் மனப்பாடம் செய்திருந்தான்! வாய்ப்பாடு மட்டும் ஏன் மனத்தில் நிற்கவில்லை என்று அவனுடைய ஆசிரியர் வியந்துபோனார். அதற்குப் பிறகு வரிசையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டோம்.

வாசிக்கச் சொல்லும் முறை

சிறு பிள்ளைகளுக்கு எழுத்தை வாசிக்கச் சொல்வதைவிடத் திசை மாறும் ஆங்கில ‘E’ அட்டை நல்லது. மூன்று கால்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கையால் காட்டினால் போதும். முதலில் பக்கத்தில் வைத்து இரண்டு மூன்று முறை விளையாட்டாகப் பழக்குங்கள்; புரியாமல் தவறுவதையும் தெரியாமல் தவறுவதையும் பிரித்தறிய இது ஒன்றே வழி. பிறகு வலக்கண், அடுத்து இடக்கண். எப்போதும் இதே வரிசையில் செய்தால் தாளில் எழுதும்போது கண் மாறாது. ஐந்து எழுத்துள்ள வரியில் நான்கைச் சரியாகச் சொன்னால் அந்த வரி தேர்ச்சி.

ஒரு கண்ணை மூடும் வேலையைப் பிள்ளையின் விரல்களிடம் விடாதீர்கள். விரல் இடுக்கு வழியாகப் பார்ப்பது குறும்பு அன்று, இயல்பு. உள்ளங்கையால் கண்ணை அழுத்தி மூடினால், அடுத்து அந்தக் கண்ணைச் சோதிக்கும்போது சிறிது நேரம் மங்கலாகவே தெரியும். பிடியுள்ள மறைப்பானை ஓர் ஆசிரியர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அட்டையைப் பார்க்க வேண்டாம். பிள்ளையின் முகத்தையே பாருங்கள். தலையைச் சாய்த்தால், முன்னால் ஓர் அடி நகர்ந்தால், கண்ணை இடுக்கினால் நிறுத்துங்கள். இடுக்கிய இமைகள் ஊசித்துளையைப் போல வேலை செய்து பார்வையைக் கூர்மையாக்கிவிடும். மூன்றாம் ஆண்டுப் பெண் பிள்ளை ஒருத்தி இப்படி இடுக்கி இடுக்கி 6/9 வரை வந்துவிட்டாள். “கண்ணைப் பெரிசா திறம்மா, போட்டோ எடுக்கிற மாதிரி” என்று தாதி சொன்னதும் சிரித்துக்கொண்டே திறந்தாள். பார்வை 6/24-இல் நின்றது. நெற்றியில் இரண்டு புருவங்களுக்கு நடுவே சிறு கோடு விழுந்திருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். எட்டு வயதுப் பிள்ளையின் நெற்றியில் கோடு.

6/9 வரியைத் தாண்ட முடியாத கண் எதுவாயினும், இரு கண்களுக்கும் இரண்டு வரி வித்தியாசம் இருந்தாலும், அந்தப் பிள்ளையை அடுத்த மேசைக்கு அனுப்புகிறோம். 6/12-ஐ எல்லையாக வைக்கும் திட்டங்களும் உண்டு. அதில் தேவையில்லாமல் அனுப்பப்படும் பிள்ளைகள் குறைவு, ஆனால் இப்போதுதான் தொடங்கும் கிட்டப்பார்வை நழுவிவிடும். அனுப்புவதற்கு முன் ஊசித்துளை மறைப்பான் வழியாக மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். பார்வை தெளிந்தால் கண்ணாடியால் சரியாகும் வாய்ப்பு அதிகம். தெளியாவிட்டால் அது வேறு கோளாறாக இருக்கக்கூடும். தாளின் மேல் மூலையில் சிவப்பு வட்டமிட்டு நேராகக் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். மாறுகண், இமை தொங்கல் ஆகியவற்றுக்கும் அதே சிவப்பு வட்டம்தான். கண்மணியில் வெள்ளையாக ஏதாவது தென்பட்டால் தாளைக்கூட நிரப்ப வேண்டாம், பிள்ளையைக் கையோடு அழைத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பவர் பார்க்கும் மேசை

இங்கே உங்கள் வேலை பெரும்பாலும் பிள்ளையை உட்கார வைப்பதும் நேரத்தைக் கவனிப்பதும்தான். ஆனால் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று வெளியே காத்திருக்கும் ஆசிரியர் உங்களைத்தான் கேட்பார்; பதில் தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளைகளின் கண்ணில் குவியத் தசை மிக வலுவானது. கருவி முகத்துக்கு நெருங்கி வந்ததும் கண் தானாகவே பக்கத்தில் குவித்துவிடுகிறது. கம்ப்யூட்டர் கண் பரிசோதனை அதைக் கிட்டப்பார்வை என்று படித்து, இல்லாத மைனஸைக் காட்டும். தூரப்பார்வை உள்ள பிள்ளைக்குக்கூட மைனஸ் கண்ணாடி எழுதிவிடும் அபாயம் உண்டு. ஆகவே கருவி காட்டும் எண் தொடக்கக் குறிப்பு மட்டுமே. ஆப்டோமெட்ரிஸ்ட் ரெட்டினாஸ்கோப்பின் ஒளிக்கீற்றைக் கண்ணுக்குள் அசைத்துப் பார்த்துத் தாமே அளவைக் காண்கிறார். ஐயம் இருக்கும் பிள்ளைகளுக்குச் சைக்ளோபென்டொலேட் சொட்டு விட்டு, தசை தளர்ந்ததும் மீண்டும் அளக்கிறார்கள். அதற்கு அரை மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும்.

சொட்டு விட்ட பிள்ளைக்கு முதலில் சற்று எரியும். பிறகு பக்கத்து எழுத்து மங்கும், வெயில் கூசும். மறுநாள் வரைகூட இது நீடிக்கலாம். அன்று வீட்டுப்பாடம் வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அப்பா மோட்டாரில் வந்து பிள்ளையை முன்னால் உட்கார வைத்து உச்சி வெயிலில் அழைத்துப் போவார். ஆகவே தொப்பிகள் சிலவற்றைக் கையில் வைத்திருங்கள். எந்தப் பிள்ளைக்குச் சொட்டு விட்டோம் என்பது தெரிய, சட்டைப் பையில் மஞ்சள் சீட்டு ஒட்டுகிறோம். பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்கும் அந்த மஞ்சள் சீட்டின் பொருள் தெரியும்.

எழுதி ஒப்படைத்தல்

பெயரை மட்டும் எழுதிய தாள் ஆபத்தானது. ஒரே வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பையன்கள் இருந்தார்கள். ஒருவனுக்கு மைனஸ் 0.75, மற்றவனுக்கு மைனஸ் 3.25. கண்ணாடிகள் மாறிப் போய் இரண்டு வாரம் இருவரும் தலைவலியோடு அலைந்தார்கள். இப்போது தகப்பனார் பெயர், வகுப்பு, பிறந்த தேதி மூன்றும் இல்லாத தாளை மேசை ஏற்றுக்கொள்வதில்லை. இந்தத் தகவல்கள் பிள்ளைகளுடையவை என்பதால், தாளைப் படமெடுத்துப் புலனத்தில் சுற்றுக்கு விடும் பழக்கம் இருந்தால் இங்கே அதை விட்டுவிடுங்கள்.

இன்னொரு சிக்கல், பவரைச் சொல்லும் முறை. நம் மக்கள் மைனஸ் 3.00 என்பதை “முந்நூறு” என்றும், 0.50 என்பதை “அம்பது” என்றும் சொல்வார்கள். கண்ணாடிக் கடைகளிலும் அதே வழக்கம். தாளில் எப்போதும் புள்ளியோடும் மைனஸ் குறியோடும் எழுதுங்கள். பெற்றோரிடம் பேசும்போது முந்நூறு என்றே சொல்லுங்கள். குறி விடுபட்டால் மைனஸ் பிளஸ் ஆகிவிடும். அதைப் பின்னால் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

ஒவ்வொரு தாளிலும் கடைசியில் “அடுத்து யார், எப்போது” என்று ஒரு கட்டம் இருக்கிறது. “மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது” என்று எழுதுவதை நாங்கள் ஏற்பதில்லை. எந்த மருத்துவமனை, எந்தத் தேதி, யார் அழைத்துப் போகிறார், அவருக்கு அன்று வேலையிலிருந்து விடுப்புக் கிடைக்குமா என்பவை தெரிந்த பிறகே அந்தக் கட்டம் நிறையும். புக்கிட் மெர்தாஜாம் மருத்துவமனைக்கு ஒரு நாள் போய் வருவது தோட்டத் தொழிலாளிக்கு ஒரு நாள் சம்பளம்.

பெற்றோரிடம் பேசுதல்

“இந்த வயசுலயே கண்ணாடி போட்டா கண்ணு இன்னும் கெட்டுப் போயிடாதா, சார்?” இந்தக் கேள்வி ஒவ்வொரு பள்ளியிலும் வரும். கேட்பவரைத் திருத்தும் தொனியில் பதில் சொல்லாதீர்கள். பவரைக் குறைத்துக் கொடுத்தால் நல்லது என்று படித்தவர்களே நெடுங்காலம் நம்பியதுண்டு. மலேசியாவில் 94 பிள்ளைகளை இரண்டாண்டு கவனித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், வேண்டுமென்றே பவர் குறைத்துக் கொடுக்கப்பட்டவர்களுக்கே கிட்டப்பார்வை வேகமாகக் கூடியிருந்தது. நான் பாட்டிமார்களிடம் சுருக்கமாக இப்படிச் சொல்வேன்: “பாட்டி, பிள்ளை வளர வளரச் செருப்பு பத்தாமப் போகுது இல்லீங்களா, அது செருப்பால வந்ததா? கண்ணும் அப்படித்தான் வளருது.”

வெளியில் விளையாடும் நேரத்தைப் பற்றியும் சொல்லுங்கள். சீனாவின் குவாங்சோவில் தொடக்கப்பள்ளிகளில் நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருக்க வைத்தபோது, மூன்றாண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 விழுக்காடு, அப்படிச் செய்யாத பள்ளிகளில் 39.5 விழுக்காடு. தோட்டத்தில் வெளிக்கு என்ன குறை என்று தோன்றும். பாம்புக்கும் லாரிக்கும் பயந்து பிள்ளையை வீட்டுக்குள் கைப்பேசியோடு உட்கார வைக்கும் அம்மாவிடம் கேட்டால் தெரியும். ஏற்கெனவே கிட்டப்பார்வை வந்துவிட்ட பிள்ளைக்கு விளையாட்டு, கண்ணாடிக்கு மாற்று அன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வளர்ச்சியை மெதுவாக்கும் அட்ரோபின் சொட்டு போன்றவற்றைப் பற்றிக் கேட்டால் மருத்துவரிடம் கைகாட்டிவிடுங்கள்.

கண்ணாடி கொடுத்த பிறகு

கண்ணாடிச் சட்டத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். நாம் தேர்ந்தெடுத்த கறுப்புச் சட்டம் பையிலேயே இருக்கும். அது தேர்ந்தெடுத்த இளஞ்சிவப்புச் சட்டம் முகத்தில் இருக்கும். கொடுக்கும் நாளில் போட்டுவிட்டு அட்டையை மறுபடி வாசிக்கச் செய்யுங்கள். வகுப்பில் எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் போட்டிருக்க வேண்டும் என்பதை வகுப்பாசிரியரிடம் நேரில் சொல்லுங்கள்.

மூன்று மாதம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். நாங்கள் அப்படிப் போன முதல் தடவை, மூன்றாம் ஆண்டில் முன்பு சொன்ன அந்தப் பெண் பிள்ளை கண்ணாடி இல்லாமல் இருந்தாள். உடைந்ததா, தொலைந்ததா என்று கேட்டோம். இரண்டும் இல்லை. லயத்து வீட்டுக்குப் போனபோது அது சாமி மேடையில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில், உறையோடு பத்திரமாக இருந்தது. “விலையுள்ள பொருளாச்சே, பள்ளிக்கூடத்துல உடைச்சிடுவா, அதான் கோயிலுக்குப் போறப்ப மட்டும் போடச் சொல்லியிருக்கேன்” என்றார் பாட்டி. உடைந்தால் காசில்லாமல் மாற்றித் தருவோம் என்பதை நாங்கள் கொடுத்த அன்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஆசிரியர் சொல்வார் என்று கண்ணாடிக்காரரும், கண்ணாடிக்காரர் சொல்லியிருப்பார் என்று ஆசிரியரும் நினைத்திருந்தார்கள்.

அதிலிருந்து எங்கள் பதிவேட்டில் “கொடுக்கப்பட்டது” என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் “போட்டிருந்தாள்/போட்டிருந்தான், பார்த்தவர் யார்” என்று இன்னொரு கட்டம் சேர்ந்தது. அதை மூன்றாம் மாதத்திலும், பவரை மறுபடி அளக்கும் ஆறாம் மாதத்திலும் நிரப்ப வேண்டும். அந்தப் பயணங்களுக்குச் சிறிய திருப்புளியும், மாற்றுத் திருகாணிகளும், மூக்குத் தாங்கிகளும் கொண்ட டப்பா ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். அது வண்டியின் முன்பெட்டியில், மேசை விளக்கின் கம்பிச் சுருளுக்கு அடியில் இருக்கும்.